மலைக்கு முதுகு காட்டாத தியேட்டர்

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் ஒரு ஷோ. டிக்கெட் கிடையாது, பிளாக் கிடையாது, ஹவுஸ்ஃபுல் போர்டும் கிடையாது. 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற மலையின் உச்சியில், கொப்பரையில் நெய் தீபம் ஏற்றுகிறார்கள். ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்க்கிறது. அதோடு முடிவதில்லை, பதினோரு நாள் எரியும். எந்த ஹீரோ படத்துக்கு இப்படி ஒரு ஓப்பனிங் உண்டு?

இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு புதுத் தியேட்டர் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்கிரீனும் எஸ்கலேட்டரும் வைத்த சமாசாரம் இல்லை. நல்ல படம் பார்க்க, கூத்துப் பார்க்க, உட்கார்ந்து பேச ஒரு இடம். அது எப்படி இருக்க வேண்டும்?

சிவில் இன்ஜினீயர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ஏம்ப்பா, லாட்ஜ் கட்டினா மலை தெரியணும்னு சொல்லு, புரியுது. சினிமா தியேட்டருக்கு எதுக்கு மலை? உள்ளே போனதும் லைட்டை அணைச்சிடப் போறான்!" என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஏறி பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அவருடைய ஜோக்கில்தான் விடையே இருக்கிறது.

மற்ற கட்டடங்களெல்லாம் மலையைப் பார்க்க ஆசைப்பட்டு மாடி மேல் மாடியாக எகிறுகின்றன. முன்னால் இருப்பவன் ஒரு மாடி ஏற்றினால், பின்னால் இருப்பவனுக்கு மலை போச்சு. (நமக்கு முன் சீட்டில் ஆறடி ஆசாமி வந்து உட்காருகிற அதே கதை!) தியேட்டர் ஒன்றுக்குத்தான் ஜன்னலே வேண்டாம். வெளியே வேடிக்கை பார்க்காத கட்டடம். ஆகவே, அது தாராளமாகக் குனிந்துகொள்ளலாம். பூமிக்குள் பாதி இறங்கியும் உட்காரலாம்.

இது ஒன்றும் புதுசு இல்லை. நம் டூரிங் டாக்கீஸ் என்ன செய்தது? கீற்றுக் கொட்டகை, மூங்கில் கால், மணல் தரை. நிலத்தை அது ஒன்றுமே செய்யவில்லை. லைசென்ஸ் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போனால் மறுபடியும் வெறும் பொட்டல். தலை மறைக்கிறதா? மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். பால்கனி ரெடி! கீற்றுக்குத் தீ பயம் உண்டு, மழை வந்தால் ஒழுகும். ஆனாலும் ஊரோடு ஒட்டி வாழத் தெரிந்த கொட்டகை அது.

அப்புறம் நாம் பெரிசாகக் கட்டினோம். மதுரை தங்கம் தியேட்டர் 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று பேர். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். இன்றைக்கு அந்தக் கட்டடமே இல்லை. பிரம்மாண்டம் மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டுமா?

பக்கத்து மாநிலத்தில் ஒருத்தர் வேறு மாதிரி யோசித்தார். 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஆக்குளத்தில் அவர்கள் ஸ்டூடியோ கட்டியபோது வடிவமைத்தவர் லாரி பேக்கர். மேட்டை வெட்டி மட்டம் பண்ணாதே, சரிவு போகிற போக்கிலேயே கட்டு, நிற்கிற மரத்தை நிற்க விடு - பேக்கர் காலமெல்லாம் கடைப்பிடித்த பாலிசி இது.

இலங்கையில் இன்னொருத்தர், ஜெஃப்ரி பாவா. சிகிரியா பாறையின் அடிவாரத்தில் ஓட்டல் கட்டித் தரச் சொன்னார்கள். மனுஷன் மறுத்துவிட்டார். பல கிலோமீட்டர் தள்ளி, தம்புள்ளைப் பக்கம் கண்டலம ஏரிக்கரையில் இடம் பிடித்தார். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் சிகிரியா தெரியும். 1994-ல் திறந்த அந்த ஓட்டல், மலைச்சரிவை ஒட்டித் தூண்கள் மேல் நிற்கிறது. மொட்டை மாடியிலும் சுவரிலும் செடிகொடி படர்ந்து, காட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மலைக்கு மரியாதை செய்ய வேண்டுமா? கொஞ்சம் தள்ளி நில்!

தள்ளி நிற்பது அழகுக்காக மட்டும் இல்லை. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் பலி. அதில் ஐந்து பேர் குழந்தைகள். அடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு இடம் கிடைக்காதவன் எங்கே போவான்? ஆனால், நாலு காசு வைத்திருக்கிறவன் ஆசைக்காகப் போய் மலைச்சரிவைக் குடையக் கூடாது. ஒரே நேரத்தில் சில நூறு பேரை உட்கார வைக்கிற கட்டடம் அங்கே போகவே கூடாது.

ஆக, என் தியேட்டர் கிரிவலப் பாதைக்கு வெளியே, சமவெளியில். இன்னொரு லாபமும் உண்டு. அடிவாரத்தில் நின்றால் உச்சி சரியாகத் தெரியாது. தள்ளிப் போகப் போகத்தான் மலை முழுசாகத் தெரியும்.

முந்நூறு சீட் போதும். உள்ளே கூரை முப்பதடி உயரம் வேண்டுமென்றால், பதினைந்தடி பூமிக்குள் போகட்டும். தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி விற்காதீர்கள். சுற்றிலும் ஏரிக்கரை மாதிரி போட்டு வேம்பும் புங்கனும் நடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரையும் நாலு மரமும்தான் தெரியும். கடைசி வரிசை தரை மட்டத்தில். அங்கிருந்து ஸ்கிரீனை நோக்கிப் படிப்படியாக இறங்க வேண்டியது. மண்ணுக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும். ஏ.சி. பில் குறையும். பஸ் ஹாரன் உள்ளே வராது, வில்லன் அலறல் வெளியே போகாது.

"மழை வந்தா குளம் ஆயிடுமேப்பா?" என்றார் நண்பர், போனில்.

நியாயமான கேள்வி. அதற்குத்தான் வாசலில் உயரமான திண்ணை. கரைக்கு வெளியே வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பக்கத்துக் குளத்துக்குத் திருப்ப வேண்டும். மலையில் பெய்கிற மழையைக் குளம் குளமாகத் தேக்கத் தெரிந்த ஊர் இது. புதுசாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. உள்ளே சேர்கிற தண்ணீருக்குப் பம்ப்பு, இரண்டு பக்கமும் அகலமான வெளி வழி. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

கரையின் வெளிச்சரிவில், மலையைப் பார்த்த மாதிரி படிக்கட்டு. கீழே திறந்தவெளி மேடை. தெருக்கூத்து விடிய விடிய நடக்கிற சீமை இது. அந்த மேடை சும்மா கிடக்காது. பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து கால் வலிக்கிறவர்களுக்கு அந்தப் படிக்கட்டும், குடிதண்ணீரும், சுத்தமான கழிப்பறையும் திறந்திருக்கட்டும்.

"கட்டுப்படியாகுமா சார்?" என்கிறீர்களா? பெரிய பெரிய தியேட்டர்களே கல்யாண மண்டபமாக மாறிய காலத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். சினிமா டிக்கெட்டை மட்டும் நம்பினால் ஆகாது. கூத்து, பள்ளிக்கூட விழா, காலைக் காட்சியில் பிள்ளைகள் படம் என்று ஏழு நாளும் விளக்கு எரிந்தால், தட்டுத்தடுமாறி நிற்கும். லாபத்தில் கொழிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு கண்டிஷன். கார்த்திகை தீபம் எரிகிற பதினோரு நாளும் ஈவ்னிங் ஷோவுக்கு இன்டர்வெல் கால் மணி நேரம் கூட விட வேண்டும். முறுக்கும் காபியுமாகப் படிக்கட்டுக்கு வந்து மலையைப் பார்த்தவர்களை மறுபடி உள்ளே கூப்பிட, எந்தப் பெல்லும் லேசில் போதாது.