ஆறு அங்குலத் திரையில் ஒரு தமிழ் நூலகம்

1950 முதல் 1954 வரை வாசகர்கள் வாரம் தவறாமல் காத்திருந்து படித்த தொடர் ‘பொன்னியின் செல்வன்’. அதன் ஐந்து பாகங்களையும் இன்று எவரும் காசு கொடுக்காமல், சட்டத்துக்கு உட்பட்டே தம் கிண்டில் மின்படிப்பானில் ஏற்றிக்கொள்ளலாம். அதை எழுதிய கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆக்காமல் விட்டிருந்தாலும், எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை என்ற இந்தியப் பதிப்புரிமைக் கெடு, 1954-இல் காலமான கல்கிக்கு 2014-உடன் முடிந்திருக்கும்.

நாட்டுடைமை என்பது தமிழ் வாசகருக்கு வாய்த்த பெரும் கொடை. எழுத்தாளரின் வாரிசுகளுக்கு அரசு பரிவுத்தொகை வழங்குகிறது. நூல்கள் மக்களின் பொதுச்சொத்தாகின்றன. புதுமைப்பித்தனும் பாரதிதாசனும் இப்படித்தான் எல்லோருக்கும் உரியவர்கள் ஆனார்கள்.

ஆனால் உரிமை கிடைத்தால் மட்டும் புத்தகம் திரைக்கு வந்துவிடாது. யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். அந்த வேலையை 1998 பொங்கல் நாளில் தொடங்கியது ‘மதுரைத் திட்டம்’. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றி உழைத்தார்கள். தமிழுக்கு யூனிகோடு பரவலாகாத காலம் அது. ஓர் எழுத்துருவில் அடித்த நூல்களைப் பின்னர் இன்னொரு குறிமுறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. திருக்குறளில் தொடங்கிய அந்தத் தொகுப்பில் இன்று சங்க இலக்கியமும் உண்டு, நாவல்களும் உண்டு.

மின்படிப்பான் வாங்கியவர்கள் முதலில் சறுக்கும் இடம் பி.டி.எஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 2005-இல் தொடங்கிய ஈழத்து ‘நூலகம்’ தளத்திலும் அரிய பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை பக்கங்களை ஒளிவருடி எடுத்த படங்கள். ஆறு அங்குலத் திரையில் அவற்றைத் திறந்தால் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் தள்ள வேண்டும். தள்ளும்போதெல்லாம் மின்மைத் (இ-இங்க்) திரை ஒருமுறை கண்சிமிட்டும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாதிப் பக்கமாகப் படிப்பது ஓரளவு கைகொடுக்கும். இத்தகைய நூல்களுக்கு டேப்லெட்தான் ஏற்றது.

மின்படிப்பானுக்கு உகந்தது ஈபப் வடிவம். எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் தாமாகவே மடங்கி அமையும். 2013-இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ இதை முதலிலேயே உணர்ந்திருந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்களே மனமுவந்து தந்த நூல்களை அது ஈபப்பாக வெளியிட்டது. பழைய கருவிகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்ததால், அதே அளவுத் திரைக்கென்று ஆறு அங்குல பி.டி.எஃப்-உம் சேர்த்துக் கொடுத்தது.

கிண்டில்காரர்களும் இப்போது தவிக்க வேண்டியதில்லை. அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை 2022 முதல் ஈபப்பை ஏற்றுக்கொள்கிறது. யு.எஸ்.பி. கம்பி வழியே நேரடியாகப் போட்டால் மட்டும் கிண்டில் அதைத் திறக்காது. அதற்கு ‘காலிபர்’ என்ற இலவச மென்பொருளில் வடிவம் மாற்றிக்கொள்ளலாம். மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கங்களையும் அதிலேயே மின்னூலாக்கலாம்.

இரவல் என்பது வேறு உலகம். நூலகம் ஒரு மின்பிரதிக்கு உரிமம் வாங்கினால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் தரும். மற்றவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும், அபராதம் இல்லை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தன் உறுப்பினர்களுக்குத் தமிழ் மின்னூல்களையும் இப்படி வழங்குகிறது. அங்கே 2015-இல், நாடு பொன்விழா கொண்டாடிய ஆண்டில், தன்னார்வலர்களும் வாரியமும் சேர்ந்து ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கினார்கள்.

டெலிகிராம் குழுக்களில் சுற்றும் பி.டி.எஃப்-கள் இந்தக் கணக்கில் சேராது. வாழும் எழுத்தாளரின் நாவலை அப்படி எடுத்துப் படிப்பது அவர் வயிற்றில் அடிப்பது. இலவசமாகவே ஓர் ஆயுளுக்குப் போதுமான நூல்கள் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

அந்த வளத்தில் பெரும்பங்கு தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இருக்கிறது. அங்கே நாட்டுடைமை நூல்களின் படப் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றுகிறது. ஆனால் துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடும். ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் கணினி தந்த எழுத்து என்று வைத்துக்கொண்டு தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. தரவிறக்கும் முன் இந்த நிறங்களைப் பார்த்துப் பச்சை மிகுந்த நூலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படிக்கும்போது பிழை கண்ணில் பட்டால், வாசகரே அந்தப் பக்கத்துக்குப் போய்த் திருத்தலாம். தளத்தில் உள்ள எழுத்திலிருந்தே ஈபப் உருவாவதால், அடுத்துத் தரவிறக்குபவருக்குத் திருத்திய பிரதியே போய்ச் சேரும்.