பாய் மாதிரி சுருட்டலாம்... 75 ஆயிரம் லிட்டர் டீசல் பிடிக்கும்! ரப்பர் டேங்க்கில் வசதி என்ன? ஆபத்து என்ன?

டீசலை மொத்தமாக சேமித்து வைக்க இரும்பு டேங்க்தான் வேண்டும் என்பதில்லை. பெரிய தலையணை மாதிரி தரையில் படுத்து கிடக்கும் பைகளிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலை நிரப்பி வைக்கிறார்கள். ராணுவ முகாம், ரோடு இல்லாத சுரங்க பகுதி, பனி பிரதேச விமான தளம் என்று இரும்பு டேங்க் கொண்டு போக முடியாத இடங்களில் இந்த பைதான் கை கொடுக்கிறது.

ஆனால் "பைதானே, எங்கே வேணாலும் போட்டுக்கலாம்" என்று அலட்சியமாக இருந்தால் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் உயிருக்கே உலை வைத்துவிடும்.

எப்படி வந்தது?

1956-ல் சூயஸ் கால்வாய் பிரச்சினையால் ஐரோப்பாவுக்கு வரும் எண்ணெய் தடைபட்டது. அந்த நேரத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஹாவ்தோர்ன் ஒரு யோசனை சொன்னார். நீளமான பையில் எண்ணெயை நிரப்பி கடலில் இழுத்து செல்லலாம் என்பதுதான் அது. கடல் தண்ணீரை விட எண்ணெய் எடை குறைவு என்பதால் பை மிதக்கும். இறக்கிய பிறகு வெறும் பையை சுருட்டி எடுத்து வரலாம். இதற்கு டிராகோன் என்று பெயர்.

தரையில் இதே மாதிரி பைகளை ராணுவத்தினர்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க ராணுவத்திடம் உள்ள ஒரு வகை பை 20 ஆயிரம் கேலன் பிடிக்கும். அதாவது சுமார் 75 ஆயிரம் லிட்டர். நம்ம ஊரில் கட்டிட வேலை நடக்கும் இடங்களில் பார்க்கும் 200 லிட்டர் பேரலில் இதை ஊற்றினால் 375 பேரல் வேண்டும்.

என்ன லாபம்?

கிரேன் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். சுருட்டிய பையை ஒரே லாரியில் கொண்டு போய் விரித்து, பைப்பை மாட்டினால் டேங்க் ரெடி. வேலை முடிந்ததும் மடித்து எடுத்து விடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. இரும்பு டேங்க்கில் டீசல் குறைய குறைய மேலே காற்று நிற்கும். இரவு குளிரில் அந்த காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தங்கி, இன்ஜினை கெடுக்கும். பையில் டீசல் குறைந்தால் பையும் கூடவே அமுங்கி விடும். காற்றுக்கு இடமே இருக்காது. ஆவியாகி வீணாவதும் குறைவு.

எல்லா பையும் ஆகாது

தண்ணீர் பையில் டீசல் ஊற்றலாமா? கூடாது. சாதாரண ரப்பர் டீசல் பட்டால் ஊறி உப்பி விடும். தண்ணீருக்கு செய்த பிளாஸ்டிக் பை நாளடைவில் விறைத்து வெடிக்கும். டீசலுக்கான பை நைலான் அல்லது பாலியஸ்டர் துணியில் நைட்ரைல் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் பூசி செய்யப்படுகிறது.

கன்டெய்னருக்குள் போட்டு சமையல் எண்ணெய் ஏற்றும் 'பிளெக்சி டேங்க்' பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அது ஆபத்து இல்லாத திரவங்களுக்கு மட்டும்தான்.

62 டன் எடை

75 ஆயிரம் லிட்டர் டீசலின் எடை சுமார் 62 டன். தரை சரிவாக இருந்தால் பை மெதுவாக நகர ஆரம்பித்து விடும். ஒரு கூரான கல் போதும், அடியில் பொத்தல் விழும். அதனால் தரையை கல் முள் இல்லாமல் சமப்படுத்தி, கனமான ஷீட் விரித்து, அதன் மேல்தான் பையை போட வேண்டும்.

சுற்றிலும் வரப்பு முக்கியம். வயலில் தண்ணீர் நிறுத்துவது மாதிரி, பை கிழிந்தால் முழு டீசலையும் தாங்கும் அளவுக்கு வரப்பு கட்டி உள்ளேயும் ஷீட் விரிக்க வேண்டும். மழை தண்ணீர் தேங்கினால் உடனே வெளியேற்ற வேண்டும். இல்லை என்றால் டீசல் கசியும் நாளில் வரப்புக்குள் இடம் இருக்காது.

முழுசாக நிரப்பவும் கூடாது. 10 டிகிரி வெயில் கூடினால் ஆயிரம் லிட்டர் டீசல் சுமார் 8 லிட்டர் பெருகும். 75 ஆயிரம் லிட்டருக்கு 600 லிட்டர்! இறுக்கி நிரப்பிய பை என்றால் மூட்டு விட்டு விடும்.

அண்டார்டிகாவில் மக்மர்டோ ஆராய்ச்சி நிலையம் அருகே உள்ள வில்லியம்ஸ் பீல்ட் விமான தளத்தில் 1989-ல் ரப்பர் பைகளில் இருந்து எரிபொருள் கசிந்து பனியில் கொட்டியது. தென் துருவ ஆராய்ச்சி நிலையத்திலும் முன்பு ரப்பர் பைகள்தான் இருந்தன. 1990-களின் கடைசியில் அங்கே இரும்பு டேங்க்குக்கு மாறி விட்டார்கள். தற்காலிக இடத்துக்குதான் பை, நிரந்தரம் என்றால் இரும்பு என்பதே இதில் உள்ள பாடம்.

"டீசல் பத்திக்காது" என்பது தப்பு

பெட்ரோல் மாதிரி டீசல் சட்டென்று பற்றாது என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் விற்கும் டீசல் 35 டிகிரி சூடானாலே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரலாம் என்று தர விதியே சொல்கிறது. நம்ம ஊர் சித்திரை வெயில் அதை தாண்டி விடும். பை பக்கத்தில் பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது. லாரியில் இருந்து டீசல் இறக்கும்போது எர்த் கம்பி மாட்டியே தீர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ம் ஆண்டு பெட்ரோலிய சட்டப்படி, ஒரு இடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் டீசல் வைக்கலாம். அதிலும் எந்த ஒரு பாத்திரமும் ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கக்கூடாது. விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் என்றால் 30 லிட்டர்தான். எனவே 2 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் ஒரே பை போட்டால்கூட லைசென்ஸ் வேண்டும். நாக்பூரை தலைமையிடமாக கொண்ட மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு லைசென்ஸ் தருகிறது. அதற்கு சென்னையிலும் அலுவலகம் உள்ளது.

பை கிழிந்தாலோ தீப்பிடித்தாலோ முதலில் மாட்டுவது பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேனும் பம்ப் ஓட்டும் ஹெல்பரும்தான். வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு பை வந்து இறங்கினால், லைசென்ஸ் இருக்கிறதா, வரப்பு இருக்கிறதா, டீசலுக்கான பைதானா என்ற 3 கேள்விகளை தொழிலாளர்கள் தைரியமாக கேட்கலாம்.