வழக்கு அங்கே, வாய்ப்பூட்டு இங்கேயா?

"விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கிறது, பேசுவதற்கில்லை!"

இப்படிச் சொல்லிவிட்டு அமைச்சர் அமர்கிறார். கேட்ட உறுப்பினரும் அமர்கிறார். ஆலைக் கதவடைப்பால் வீதிக்கு வந்த தொழிலாளி மட்டும் நின்றுகொண்டே இருக்கிறார்!

இந்த விதியை நாம் பழிக்கவில்லை, தோழர்களே. தீர்ப்பை எதிர்நோக்கி நிற்கும் உண்மை விவரங்களை உறுப்பினர் தம் பேச்சிலே குறிப்பிடலாகாது என்கிறது மக்களவை விதி 352. இருக்கட்டும். கைதூக்கி வாக்கெடுத்து ஒருவனைக் குற்றவாளியாக்க முடியுமென்றால், அந்தக் கைகள் நாளை நமக்கெதிராகவும் உயரும். நீதிபதி சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளிக்கட்டும். மன்றத்தின் கூச்சலைக் கேட்டு அல்ல. ஆனால், பயிருக்குப் போட்ட வேலி பணப்பெட்டிக்கு மறைப்பாகலாமா?

பாராளுமன்றத்தின் தாய்வீடு என்று போற்றப்படும் பிரிட்டனிலே இந்தக் கேள்வி 1972-ல் எழுந்தது. தாலிடோமைடு என்றொரு மருந்து. ஜெர்மானியச் சரக்கு, பிரிட்டனில் விற்றது டிஸ்டில்லர்ஸ் கம்பெனி. ஆம், சாராயம் காய்ச்சிச் செல்வம் குவித்த அதே கம்பெனிதான்! கருவுற்ற தாய்மார் குமட்டலுக்கென்று வாங்கி விழுங்கினர். பிறந்த குழந்தைகளுக்குக் கையில்லை, சிலருக்குக் காலுமில்லை. 1961 நவம்பரில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். குழந்தைகளின் கைகளைத் திரும்பத் தர யாரால் முடியும்?

வழக்குகள் தொடுக்கப்பட்டன. தன்மீது தவறில்லை என்றது கம்பெனி. 1971-லும் 389 கோரிக்கைகள் முடியாமல் கிடந்தன. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதை எட்டிவிட்டனர். வழக்கு மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தது!

'சண்டே டைம்ஸ்' ஏடு அந்த மருந்து சோதிக்கப்பட்ட வரலாற்றை எழுத முனைந்தது. 1972 நவம்பர் 17-ல் நீதிமன்றம் தடை போட்டது. ஏட்டின் வாய் அடைபட்ட பன்னிரண்டாம் நாள், பாராளுமன்றத்தில் எழுந்தார் தொழிற்கட்சி உறுப்பினர் ஜாக் ஆஷ்லி. யார் அவர்? பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போனவர், கிரேன் ஓட்டியவர், 1967-ல் செவிப்புலனை அடியோடு இழந்தவர். ஊர்க் குரலைக் கேட்க, காது கேளாத அவர்தான் கிடைத்தார் அந்த மன்றத்திலே!

இந்த விவாதம் விதியை மீறாது என்று சபாநாயகர் செல்வின் லாயிட் முடிவு கூறியிருந்தார். ஆஷ்லியின் தீர்மானம் என்ன கேட்டது? கம்பெனி தன் தார்மீகப் பொறுப்பை ஏற்க வேண்டும். குழந்தைகளுக்கு அறநிதி அமைக்கச் சட்டம் வேண்டும். அவ்வளவுதான். மருந்தைச் சரியாகச் சோதித்தார்களா, அலட்சியம் யாருடையது என்பது நீதிபதியின் வேலை. அதை அவரிடமே விட்டது தீர்மானம். பிள்ளைக்குச் சோறு யார் போடுவது என்பது நாட்டின் வேலை; அதை மன்றம் எடுத்துக்கொண்டது. இந்தக் கோடு கிழிக்க முடியாத கோடா? நம் அமைச்சர்கள், 'முடியாது' என்பதற்கு முன் அந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கலாம்.

பிறகு நாடெங்கும் கிளர்ச்சி. பங்குதாரர்களே கம்பெனியைக் கேள்வி கேட்டனர். 1971-ல் முப்பத்திரண்டரை லட்சம் பவுன் தருவதாகச் சொன்ன கம்பெனி, 1973 ஜனவரியில் இரண்டு கோடி பவுன் என்றது! பணம் அங்கேயேதான் இருந்தது, தோழர்களே. கேட்க ஆளில்லாமல் இருந்தது.

ஏட்டின் கதை வேறு. மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1973 ஜூலையில் மீண்டும் பூட்டினர். அதே ஜூலையில்தான் குழந்தைகளுக்கான உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. 1976 ஜூனில்தான் தடை விலகி அந்த ஏட்டின் கட்டுரை அச்சேறியது. தடையே தவறென்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1979-ல் சொன்னது. அதுவும் 11-க்கு 9 என்ற கணக்கிலே!