நுண்துகளும் நோயறிதலும்

காலில் புண் ஏற்பட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். நெறியாக வீங்கும் நிணநீர்க் கணுக்கள் உடலின் காவற்சாவடிகளைப் போன்றவை. பல வகைப் புற்றுநோய்கள் முதலில் இக்கணுக்களுக்கே பரவுகின்றன. ஆகவே, கணுவில் நோய் புகுந்துவிட்டதா என்று அறிந்த பின்னரே சிகிச்சையைச் செவ்வனே வகுக்க இயலும்.

இதனை எங்ஙனம் அறிவது? படத்தில் கணுவின் பருமனைப் பார்ப்பது வழக்கம். எட்டு அல்லது பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்டிருந்தால் மருத்துவர்கள் ஐயுறுவார்கள். ஆனால், நோய் புகுந்தவுடன் கணு பருத்துவிடுவதில்லை. சிறு கணுவில் ஒளிந்திருக்கும் நோய் தப்பிவிடுகிறது.

இக்குறையைப் போக்க முயன்றதே நானோ துகள் முறை. மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சர்க்கரை இனத்தைச் சேர்ந்த டெக்ஸ்ட்ரானால் போர்த்தப்பட்ட, சுமார் 30 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்ஸைடுத் துகள்களை ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அவை ரத்தத்தில் நெடுநேரம் உலவிக் கணுக்களைச் சென்றடைகின்றன. நலமுள்ள கணுவில், அந்நியப் பொருள்களை விழுங்கும் காவலணுக்கள் அவற்றையும் விழுங்கிக்கொள்ளும். மறுநாள் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால், இரும்பு ஏறிய அக்கணு கறுத்துத் தோன்றும். புற்றணுக்கள் இடம்பிடித்த பகுதியில் துகளை விழுங்குவதற்குக் காவலணுக்கள் இல்லை. அது வெளுத்தே நிற்கும். நலமுள்ள இடத்துக்கு மைதீட்டி, நோயுள்ள இடத்தைக் காட்டிக்கொடுக்கும் உபாயம் இது.

பாஸ்டன், நைமேகன் நகரங்களின் ஆய்வாளர்கள் புராஸ்டேட் புற்றுநோயுற்ற 80 பேரிடம் இம்முறையைச் சோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நோய் பரவியிருந்த கணுக்கள் 63. அவற்றுள் 45 கணுக்கள் வழக்கமான அளவுகோலின்படி ஐயத்துக்கே இடமளிக்காதவை! புதிய முறையோ நோயுற்ற கணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கண்டுகொண்டது.

எனினும், ஒரு வெற்றியைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. தழும்பேறிய கணுவும் நோயுற்றதுபோல் வெளுத்து மருத்துவரை மயக்கக்கூடும். இத்துகள் மருந்துக்கு ஐரோப்பாவில் விற்பனை அனுமதி கோரிய விண்ணப்பம் 2007இல் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் நைமேகனில் ஆய்வு மீண்டும் தொடர்ந்தது. படம் ஐயத்தை எழுப்பும். உறுதி கூறுவது திசுப் பரிசோதனையே. ஆனால், எந்தக் கணுவைப் பரிசோதிப்பது என்று காலத்தே சுட்டிக்காட்ட ஒரு விரல் கிடைப்பதும் நோயாளிக்குச் சிறிய உதவியன்று.