காங்கேசன்துறைக் கடலும் பருவக்காற்றும்

"யாழ்ப்பாணத்தின் வடகரையில் படகுப் பயணத்திற்கு ஆவணி ஏற்ற காலமாவது ஏன்?" இவ்வினாவிற்குப் பலர் "அப்போது மழை இல்லை" என்று மட்டும் எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். காற்றின் திசையை முதலில் எழுதுங்கள்.

படத்தைப் பாருங்கள். காங்கேசன்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை ஆகியன மேற்கிலிருந்து கிழக்காக வடகரையில் அமைந்த துறைகள். தென்மேல் பருவக்காற்றை நம்மவர் சோளகம் என்பர். அது குடாநாட்டு நிலத்தைக் கடந்தே இக்கரையை அடைகிறது. ஆகவே கரையோரத்தில் பெரிய அலை எழுவதில்லை. ஆவணி கழியக் காற்றின் வேகமும் தணியும். வீட்டில் கடற்றொழில் செய்பவர் இருந்தால் கேளுங்கள். பாடநூலை விடத் தெளிவாகச் சொல்வார்.

மார்கழியில் நிலைமை வேறு. வாடை எனப்படும் வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவில் தடையின்றி நெடுந்தூரம் வீசுவதால் அலை வளர்ந்து இக்கரையில் மோதும்.

உதாரணமும் எழுதுங்கள். நாகபட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பற்சேவை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கியது. வாடைக்காலம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது 2024 ஓகஸ்ட் 16 இல், ஆவணி பிறக்கும் வேளையில். இத்தாமதத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. எனவே விடையில் நிறுத்தத்திற்கு மட்டும் காற்றைக் காரணம் காட்டுங்கள்.