சாமுவேல் டானியல் கண்ட திருக்கோணமலை

மனிதர் முகத்தை வரையும் ஓவியன், ஒருவரைப் பிறரினின்று வேறுபடுத்தும் கூறுகளைத் தேடுகின்றான். நிலக்காட்சியை வரைபவனோ, எங்கு நின்று நோக்குவது என்பதையே முதலில் துணிதல் வேண்டும். இவ்விரு துறையிலும் உழைத்தவர் ஆங்கில ஓவியரான சாமுவேல் டானியல் (1775–1811). திருக்கோணமலைத் துறைமுகம் அவர் வரைந்த காட்சிகளுள் ஒன்றாதலின், அவரது கலைநோக்கு இவ்வூரவர் ஆராய்தற்குரியது.

டானியல் குடும்பம் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டது. தந்தையின் உடன்பிறந்தாரான தோமசும் தமையனார் வில்லியமும் 1786 முதல் 1793 வரை இந்தியாவெங்கும் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் வரைந்து புகழ்பெற்றனர். சாமுவேலோ கட்டடங்களை விடுத்து உயிர்களை நாடினார். 1801இல் தென்னாபிரிக்காவின் உள்நாட்டுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் ஓவியராகப் பணியாற்றினார். பின்னர் இலங்கைக்கு வந்து, இறக்குமளவும் இங்கேயே வாழ்ந்தார். இலங்கையின் காட்சிகள், விலங்குகள், மக்கள் ஆகியோரைப் பற்றிய அவரது படத்தொகுதி 12 படங்களுடன் 1808இல் இலண்டனில் வெளியாயிற்று.

இப்படங்கள் ‘அக்குவாடின்ட்’ என்னும் முறையில் அமைந்தவை. செப்புத் தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டச் செய்வர். பின்பு அமிலத்தில் தோய்க்க, துகள்களுக்கு இடைப்பட்ட செம்பு மட்டும் அரிக்கப்படும். அந்நுண்குழிகள் மையை ஏற்று, நீர்வர்ணம் போன்ற மென்னிழலைத் தாளில் பதிக்கும். வானுக்கும் கடலுக்கும் தொலைமலைக்கும் இதனினும் ஏற்ற முறை அரிது. முகத்துக்கு அத்துணை ஏற்றதன்று. கண்ணும் உதடும் கூரிய கோட்டையே வேண்டுவன.

துறைமுகக் காட்சியை டானியல் ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து வரைந்தார். உட்துறைமுகத்தின் வாயிலைக் காக்க ஒல்லாந்தர் மேட்டில் அமைத்த கோட்டை அது. 1795இல் பிரித்தானியர் வசமாயிற்று. கடல் ஏரிபோலத் தோன்றுமாறு குன்றுகள் சூழ்ந்த நீர்ப்பரப்பை அங்கிருந்து ஒருங்கே காணலாம். பீரங்கிக்குத் தக்க இடமே ஓவியனுக்கும் தக்க இடமாயிற்று. ஆயின் அவ்வுயரத்திலிருந்து நோக்குவார்க்குத் தோணி தெரியும். தோணி வலிப்பவன் முகம் தெரியாது.

அவர் மனிதரை அணுகி வரையாதவர் அல்லர். புஷ்மன் மக்கள் வெட்டுக்கிளி வறுப்பதையும், கோரா மக்கள் இடம்பெயர ஆயத்தமாவதையும் ஆபிரிக்கப் படங்களில் காண்கின்றோம். அக்கால ஐரோப்பியர் பலரிடம் காணப்படும் எள்ளல் அவற்றில் இல்லை. எனினும் படத்தின் தலைப்பில் இருப்பது குலத்தின் பெயரே, ஆளின் பெயரன்று. அதே காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்களின் உருவப்படங்களோ பெயரும் பட்டமும் தாங்கி நின்றன. மரத்தையும் மானையும் நோக்கிய இயற்கையியலாளனின் கண்ணாலேயே டானியல் மனிதனையும் நோக்கினார். இலையும் குளம்பும் பிழைபடாது அமைந்தமைக்குக் காரணம் அக்கண். மனிதன் தனியாளாகாது ஓர் இனத்தின் மாதிரியாக நின்றமைக்கும் அதுவே காரணம். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் பெயர் எழுதியவர், அத்துறையில் வாழ்ந்தோர் ஒருவரது பெயரையேனும் எழுதியிருப்பின் இவ்வூர் வரலாறு பெரும்பேறு பெற்றிருக்கும்!

1811ஆம் ஆண்டு டிசம்பரில், 36ஆம் வயதில், டானியல் இலங்கையிலேயே காலமானார். எஞ்சிய ஆபிரிக்க வரைவுகளைத் தமையனார் வில்லியம் செதுக்கி 1820இல் வெளியிட்டார். ஒஸ்டன்பேர்க் மேடு இன்று கடற்படைத் தளத்தின் எல்லைக்குள் உள்ளது. ஆதலின் இத்துறைமுகத்தை வரையப் புகும் மாணவன் பெரும்பாலும் தாழ்ந்த கரையிலேயே நிற்றல் வேண்டும். அங்கே நீர்ப்பரப்பு முழுதும் கண்ணுக்கு அடங்காது. தோணியும் வலையும் வலையிழுப்போர் முகங்களும் அண்மையில் இருக்கும்.