சாங்கியில் விழிக்கும் தாம்பரத்து எண்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்படும் பலருக்கு, விமானம் ஏறும்வரை எழும் பெருங்கவலை செல்போன் பற்றியதாகவே இருக்கிறது. வெளிநாட்டு மண்ணில் அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், வீண் செலவையும் பதற்றத்தையும் பெருமளவு தவிர்க்கலாம்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தில் இறங்கும் பயணியின் செல்போன், அதற்குள் பல கோபுரங்களைக் கடந்துவிடுகிறது. அது எந்தப் பகுதியில் உள்ளது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவுத்தளம் குறித்துக்கொண்டே வருவதால்தான் அழைப்பு தவறாமல் வந்து சேர்கிறது. நாடு மாறும்போதும் இதே முறை தொடர்வதையே ரோமிங் என்கிறோம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் செல்போனை இயக்கியதும், சிம் அட்டையில் பதிந்துள்ள அடையாள எண்ணை அங்குள்ள நிறுவனம் படிக்கிறது. பொதுவாக 15 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் 404 அல்லது 405 என்றிருந்தால் அது இந்திய சிம் என்பதும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்களிலிருந்து அதை வழங்கிய நிறுவனம் எது என்பதும் தெரிந்துவிடும். உடனே இந்திய நிறுவனத்துக்கு வினா செல்ல, அது ஒரு புதிர் எண்ணையும் அதற்குரிய விடையையும் அனுப்புகிறது. சிம் அட்டை தன்னுள் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு அந்தப் புதிரைத் தானே கணக்கிட்டு விடை தருகிறது. இரண்டு விடைகளும் பொருந்தினால் மட்டுமே சேவை திறக்கும். சாவி எப்போதும் அட்டையை விட்டு வெளியேறுவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

இணையத்தின் பாதை இன்னும் வியப்பானது. ரோமிங்கில் தரவு பெரும்பாலும் தாய்நாட்டு நிறுவனத்தின் நுழைவாயிலுக்குத் திரும்பி வந்தே இணையத்தை அடைகிறது; சிங்கப்பூரில் இருப்பவரை இணையதளங்கள் இந்தியாவில் இருப்பவராகக் கருதுவது இதனால்தான். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் பயன்பாட்டுக்கு வந்த ஐ2ஐ கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளமுடையது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்வதால், அத்தகைய பாதையில் ஒருமுறை போய்த் திரும்ப மட்டும் 32 மில்லி நொடிகள் ஆகின்றன. இந்தச் சுற்றுவழியுடன், அயல்நாட்டு நிறுவனத்துக்குத் தாய்நாட்டு நிறுவனம் செலுத்தும் கட்டணமும் சேர்வதால், ரோமிங் இணையம் விலை கூடுகிறது.

எனவே இணையத்துக்கு அந்நாட்டு சிம்மும், அடையாளத்துக்கு இந்திய சிம்மும் என இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்வதே சிறந்த வழி. அட்டையே இல்லாமல், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து செல்போனின் சில்லில் பதியும் இசிம் இதை எளிதாக்குகிறது. அதைப் பதிவிறக்க இணையம் தேவை என்பதால், வீட்டு வைஃபையிலேயே அதை முடித்துவிடுவது நல்லது. வங்கிகள் அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தி இணையத் தரவை நம்பியிராததால், தரவு ரோமிங்கை அணைத்து வைத்தாலும் அது வந்து சேரும். ஆனால் சர்வதேச ரோமிங் வசதி முன்பே செயல்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ப்ரீபெய்டு எண்ணாயின் ரீசார்ஜ் காலம் பயணம் முடியும்வரை இருக்க வேண்டும். உள்வரும் அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. வெளிநாடு செல்லும் பெற்றோரின் செல்போனில் இவற்றை ஊரிலேயே சரிபார்த்துத் தருவது பிள்ளைகளின் கடமையாகட்டும்.